வாசல் எந்தப் பக்கம்

ஐயரை நினைத்தால் முதலில் அவருடைய செருப்புகள்தான் கண்ணில் வருகின்றன. நாங்கள் குழியைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைக் கயிற்றுக்கு வெளியே இரண்டையும் ஒட்டினாற்போலக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு மணலில் நிற்பார். கூரை போய், பாதிச் சுவர் போய், மண்ணுக்குள் கிடந்தாலும் கயிற்றுக்கு உள்ளே இருப்பது கோயில். அதன் பக்கத்தில் செருப்போடு நிற்கக்கூடாது என்பது அவர் கட்சி. பங்குனி வெயிலில் ஆற்று மணல் ஐயர் என்றும் பார்க்காது, சர்வேயர் என்றும் பார்க்காது. நல்ல பருத்த உடம்பு அவருக்கு. இடது காலைத் தூக்கிக்கொண்டு வலது காலில் நிற்பார். பிறகு வலதைத் தூக்கிக்கொண்டு இடதில். அந்த நிலையிலும் கேள்வி மாறாது.

"என்ன சர்வேயரம்மா, வாசல் கெடைச்சிட்டா?"

"இன்னும் இல்லை ஐயா."

"நல்லது. பையத் தோண்டுங்க. அவசரமே இல்ல."

சொல்லிவிட்டுச் செருப்புக்கு ஓடுவார்.

ஐயர் என்றதும் பூணூலை நினைக்க வேண்டாம். தாமிரபரணி கடலை நெருங்கும் இந்தப் பக்கத்தில், ஏரலைச் சுற்றியுள்ள ஊர்களில், கிறிஸ்தவ சபையின் குருவை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். அவர் மனைவி ஐயரம்மா. தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். நான் திருநெல்வேலி டவுனில் சைவ வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கட்டடப் பொறியியல் படித்து, பிறகு அகழாய்வுக் குழுக்களில் அளவெடுப்பதும் வரைபடம் போடுவதுமாக வேலைக்குச் சேர்ந்தேன். எதையும் வரிசை போட்டு எழுதாவிட்டால் எனக்கு நிம்மதி கிடையாது. இந்த நினைவையும் வரிசையாகச் சொல்லவே முயல்கிறேன். ஐயர் வரிசைக்கு அடங்கும் ஆள் இல்லை என்பதுதான் சிரமம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் ஆற்றில் பெருவெள்ளம் வந்து வாழைத்தோட்டங்களை வாரிக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்தபோது, ஊருக்கு மேற்கே ஆற்றின் வளைவில் இருந்த மணல்மேடு ஒரு பக்கம் கரைந்து, அதற்குள்ளிருந்து ஒரு சுவரின் தலை தெரிந்தது. ஊருக்கு அது அதிசயம் இல்லை. அந்த மேட்டின் பெயரே பழைய கோயில். இந்தச் சபையின் முன்னோர் கட்டிய முதல் கோயில் என்றைக்கோ ஒரு வெள்ளத்தில் மணல் மூடிப்போக, அவர்கள் கிழக்கே உயரமான இடத்துக்கு வந்து வேறு கோயில் கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் பிரதிஷ்டைப் பண்டிகை அன்று பாடிக்கொண்டே மணல்மேடு வரை பவனி போவார்கள். அங்கேயே அசனம். சபையில் பிறந்தவர், வாழ்க்கைப்பட்டு வந்தவர், வெளியூரில் வேலையாக இருப்பவர் எல்லோரும் வந்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு அசனம் என்று பெயர். நீளமாகப் பள்ளம் வெட்டி அதையே அடுப்பாக்கி, அதன்மேல் வரிசையாக அண்டாக்களை ஏற்றுவார்கள். ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனையும் எழுப்பிவிடும் என்று ஐயர் சொல்வார்.

ஒரே பந்தி என்று எழுதினேன். நாங்கள் போன காலத்தில் அது இரண்டு பந்தியாக இருந்தது.

ஊரில் இரண்டே தெருக்கள், வடக்குத்தெரு, தெற்குத்தெரு. அசன அடுப்பைப் பழைய கோயிலின் வாசலுக்கு நேராகத்தான் வெட்ட வேண்டும் என்பது வழக்கம். வாசலோ மணலுக்குள் கிடந்தது. மணல்மேட்டுக்கு வடக்கேதான் வாசல், ஏனென்றால் கோயிலுக்கு இடம் கொடுத்தது தங்கள் தெரு என்று வடக்குத்தெரு சொன்னது. கல்லும் சுண்ணாம்பும் கொடுத்தது தாங்கள், அதனால் வாசல் தெற்கே என்றது தெற்குத்தெரு. என்றைக்கோ ஓர் அசனத்தில் இந்தப் பேச்சு முற்றி, அண்டாவைத் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து ஒரே நாளில், ஒரே மணல்மேட்டின் இரண்டு பக்கங்களில், இரண்டு அடுப்பு, இரண்டு அசனம்.

இதில் முழுதாக மாட்டிக்கொண்டவர் ஐயர். அவர் இரண்டு பந்தியிலும் உட்கார வேண்டும். ஒன்றில் குறைத்துச் சாப்பிட்டால் அது அந்தத் தெருவுக்கு அவமானம். "மொதல் பந்தி வடக்கே. அங்கனயே வயிறு நெறஞ்சிரும். அப்புறம் தெக்கே போயி எலையில உக்காந்தா, 'ஐயர் அங்கன அள்ளி அள்ளிச் சாப்பிட்டாரு, இங்கன வந்து கொறிக்காரு'ன்னு நர்சம்மா பாத்துக்கிட்டே நிப்பாவ. எனக்குச் சக்கரை வேற. அன்னைக்கு ராத்திரி ஐயரம்மா எனக்கு மாத்திரையும் குடுத்து ஏச்சும் குடுப்பா" என்பார்.

நர்சம்மா என்றது தெற்குத்தெருவின் தலைவி. அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். வடக்குத்தெருவுக்கு ரைஸ்மில் அண்ணாச்சி. இருவரும் அத்தை மகள், மாமன் மகன். சண்டையின் உச்சத்திலும் நர்சம்மா அவரை "அத்தான்" என்றுதான் அழைப்பார்; அண்ணாச்சியும் "ஏட்டி" என்பதை விடமாட்டார்.

எங்கள் குழு வந்திறங்கிய அன்றே இருவரும் கயிற்றின் இரு பக்கமும் வந்து நின்றார்கள்.

"அத்தான், வெயில்ல நிக்காதிய. வாசல் தெக்கே வரும்போது ஆள் அனுப்புதேன்."

"ஏட்டி, நீ ஊசி போட்டுப் போட்டு ஒனக்கு எல்லாமே பின்பக்கமாத்தான் தெரியுது. வடக்குல நின்னு பாரு, முன்பக்கம் தெரியும்."

சுற்றி நின்ற இரண்டு தெருவும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இவர்களா சேர்ந்து சாப்பிடாதவர்கள் என்று தோன்றியது. ஆனால் சாப்பிடவில்லை. அதுதான் விஷயம்.

தோண்டுவது முடிவானதும் ஐயர் துணிந்து ஒரு காரியம் செய்திருந்தார். இரண்டு தெருவையும் கோயிலுக்குள் கூட்டி, பீடத்துக்கு முன்னால் வாக்கு வாங்கிவிட்டார்: வாசல் எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கமே இனி ஒரே அடுப்பு, மற்றத் தெரு அங்கே வந்து உட்கார வேண்டும். இருவரும் உடனே சம்மதித்தார்கள். விட்டுக்கொடுக்கும் எண்ணத்தில் அல்ல. தன் பக்கம்தான் வரும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஐயருக்குத் தான் செய்தது உறைத்திருக்கிறது.

அதை அவர் என்னிடம் சொன்னது ஒரு மதியவேளையில். நாங்கள் போட்டிருந்த ஓலைப்பந்தலின் கீழ் நான் காலை அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பனங்கிழங்கு கொண்டுவந்து உரித்துக்கொண்டே இருந்தார். தினமும் கேட்கும் கேள்விக்கு நான் இல்லை என்றால் ஏன் முகம் மலர்கிறது என்று கேட்டேன்.

"வடக்கே வந்தா தெக்குத்தெரு கோயிலுக்கு வராது. தெக்கே வந்தா வடக்குத்தெரு வராது. வாக்குக் குடுத்ததால வந்து உக்காருவாவ, ஒரு வருசம். அடுத்த வருசம் பக்கத்து ஊரு சபைக்குப் போயிருவாவ. அவங்க வேன் வச்சுக் காத்துக்கிட்டிருக்காங்கம்மா. ஏசி வேன்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஞாயித்துக்கிழமைப் பள்ளியில மோட்சத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு சின்னப் பிள்ளை எந்திரிச்சு, 'அங்கனயும் ரெண்டு அடுப்பா ஐயரே'ன்னு கேக்கா. மத்த பிள்ளைய யாரும் சிரிக்கல. எல்லாம் என் மூஞ்சியப் பாக்குதுவ, பதிலுக்கு. எனக்கு வர்ற வருசம் மாத்தல். அந்தக் கேள்வியை அப்படியே விட்டுட்டுப் போகணுமேன்னுதான் இருக்கு."

கிழங்கை எனக்கு நீட்டினார். நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். "அளவு எதைக் காட்டுகிறதோ அதைத்தான் நான் எழுத முடியும் ஐயா" என்றேன். "அது வேணும், அதைத்தான் எழுதணும்" என்று தலையாட்டினார்.

கோயில் சிறியது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வகுப்பறை அளவுகூட இருக்காது. கிழக்கு மேற்காக நீண்ட ஒரே அறை. கிழக்குக் கோடியில் பீடத்தின் செங்கல் மேடை. கடற்சிப்பி சுட்டு அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, மணலுக்குள் கிடந்தும் கைபட்டால் வழுக்கியது. கிடைத்தவற்றை நான் வரிசைப்படுத்தி வைத்தேன்: கூரை ஓட்டுச் சில்லுகள், துருப்பிடித்த ஆணிகள், எண்ணெய் விளக்கின் உடைந்த வாய், பச்சைநிறக் கண்ணாடித் துண்டு, பனைமர உத்தரத்தின் கரிந்த முனை. எங்கே தோண்டினாலும் முதுமக்கள் தாழி வரும் என்று எதிர்பார்க்கும் நாடு இது. "தாழி இல்லையா?" என்று கேட்டு ஏமாந்து போனவர்கள் பலர். ஐயருக்கு அந்த விளக்கின் உடைந்த வாய்தான் பிடித்திருந்தது. தினமும் ஒருமுறை பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். "இதுக்கு எண்ணெய் ஊத்துனவன் எந்தத் தெருவோ" என்பார். உடனே, "வேண்டாம், தெரிய வேண்டாம்" என்பார்.

எங்கள் அகழாய்வு இயக்குநர் அதிகம் பேசாதவர். அந்தக் குழியில் அவர் வாய் தவறி உரக்கப் பேசியது ஒரே ஒருமுறை. அதுவே ஊரைக் கலக்கிவிட்டது. வடக்குச் சுவரை ஒட்டி மணலைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நல்ல நீளமான கருங்கல் பலகை ஒன்று தென்பட்டது. மேற்பரப்பு தேய்ந்து, நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. இயக்குநர் குனிந்து பார்த்து, "வாசப்படி மாதிரி இருக்கே" என்றார். அவ்வளவுதான். மண் சுமந்துகொண்டிருந்த வடக்குத்தெருப் பெண்களில் ஒருத்தி கூடையைக் கீழே வைத்தாள். நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஊருக்குள் வெடிச்சத்தம். அண்ணாச்சி ஒரு தட்டு நிறைய லட்டோடு வந்து, கயிற்றுக்கு வெளியே நின்று, தெற்குப் பக்கம் பார்த்து, "ஏட்டி நர்சு! சக்கரை இல்லேன்னா ரெண்டு எடுத்துக்கோ" என்று கூவினார்.

ஐயர் வந்தார். லட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். சாப்பிடவில்லை. செருப்பைக் கழற்றவும் மறந்துபோனார் அன்று.

படிக்கல் என்றால் அதன் கீழே சுவர் நின்றிருக்க வேண்டும். இரு பக்கமும் கதவுநிலை பொருத்திய தடம் இருக்க வேண்டும். மறுநாள் பக்கவாட்டு மணலை எடுத்தோம். கல்லுக்குப் பின்னால் சுவர் உடையாமல், பூச்சுக் குலையாமல் ஓடிக்கொண்டிருந்தது. கல் சுவரோடு சேரவே இல்லை; மணலில் சும்மா கிடந்தது. அதை நெம்பிப் புரட்டியபோது அடியில் ஈர மணலில் ஒட்டிக்கொண்டு ஒரு ஷாம்பு பாக்கெட் பளபளத்தது. இயக்குநர் அதை இடுக்கியால் எடுத்து உயர்த்திப் பிடித்தார். என்றைக்கோ யாரோ துணி துவைக்கக் கொண்டுவந்து போட்ட கல் அது.

"அத்தான்," என்று தெற்குப் பக்கமிருந்து குரல் வந்தது, "ஒங்க பாட்டன்மாரு ஷாம்பு போட்டுக் குளிச்சிட்டுதான் கோயிலுக்கு வந்திருக்காவ."

அன்று ஐயர் சிரித்த சிரிப்பை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து முந்தைய நாள் லட்டை எடுத்து அப்போதுதான் சாப்பிட்டார்.

வடக்குச் சுவர் முழுவதும் வெளிவந்தது. வாசல் இல்லை. தெற்குத்தெருவின் முகங்களில் வெளிச்சம் ஏறியது. அடுத்து தெற்குச் சுவர். அதுவும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, இரண்டு சிறிய சாளரங்கள் தவிர, அடைப்பும் இல்லை, திறப்பும் இல்லை. கிழக்கே பீடம். இப்போது இரண்டு தெருவும் குழம்பி நின்றது. ஐயர் கயிற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பைபிள்ல அந்த முடக்குவாதக்காரனைக் கூரையப் பிரிச்சு எறக்குன மாதிரி, எங்க ஆளுகளும் ஓட்டைப் பிரிச்சுத்தான் எறங்கியிருப்பாங்களோ?"

மிச்சம் மேற்கு. அந்தப் பக்கம் யாரும் வாசலை நினைக்கவே இல்லை. ஏனென்றால் மேற்கே ஆறு. கோயிலின் மேற்குக் கோடியை ஆறு என்றைக்கோ தின்றிருக்கும் என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். இயக்குநர் தோண்டச் சொன்னார். ஆள் உயரத்துக்கு வண்டல். அதற்குக் கீழே போனால் ஊற்றுநீர் பொங்கியது. அணை திறந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டால் அந்த ஆண்டு வேலை அதோடு சரி. அதற்கு முன்பே பண்டிகையும் வந்துவிடும்.

தண்ணீரை இறைக்க மோட்டார் வேண்டும் என்றதும் அண்ணாச்சி தன் வாழைத்தோட்டத்து மோட்டாரை அனுப்பினார். ஹோஸ் இல்லை. வடக்குத்தெரு மோட்டார் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட நர்சம்மா, தன் மகன் தோட்டத்து ஹோஸை ஒரு மணி நேரத்தில் சுருட்டிக்கொண்டு வந்து இறக்கினார். இரண்டையும் இணைத்தபோது மட்டும் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தண்ணீர் அதைப் பார்க்காமல் வெளியே போனது.

சேறு வடிந்தபோது மேற்குச் சுவர் தெரிந்தது. அதன் நடுவில் வாசல். சுவரோடு சேர்த்துக் கட்டிய படிக்கல். இரு புறமும் நிலைக்கால் பதிந்த குழி. கல்லின் நடுப்பகுதி, காலங்காலமாக மனிதர்கள் மிதித்த இடம், உள்ளங்கை போலக் குழிந்து நீரைத் தேக்கி வைத்திருந்தது. அதற்குக் கீழே ஆற்றை நோக்கி இறங்கும் படிகள். கடைசிப் படியின் ஓரக்கல்லில் தோணி கட்டும் இரும்பு வளையத்தின் துருப்பிடித்த அடி.

நான் அளந்தேன். மறுபடியும் அளந்தேன். ஐயர் கயிற்றுக்கு வெளியே இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். சூடு தெரியவில்லை போலும். "நெசமாவா?" என்றார். "நிச்சயமாக" என்றேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை முழுவதும் மணல்மேட்டுக்கு வந்தது. விளக்கும் பொறுப்பு என்னுடையது. கூட்டத்தில் பேசுவது எனக்குப் பயமில்லை. சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டால் போதும். வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் எங்கும் வாசல் இல்லை என்பதைக் காட்டினேன். மேற்குப் படிக்கல்லின் தேய்மானத்தைக் காட்டினேன். பிறகு தோணி வளையம். இந்தக் கோயிலைக் கட்டியபோது சபையார் ஆற்றைக் கடந்து அக்கரையிலிருந்து வந்திருக்க வேண்டும், இந்த இரண்டு தெருக்களும் அதற்குப் பிறகு வந்தவையாக இருக்கலாம் என்று முடித்தேன்.

அண்ணாச்சி முன்னால் வந்தார்.

"அப்ப எங்க பாட்டன்மாருல்லாம் ஆத்துக்குள்ள இருந்து ஏறி வந்தாவளா? மீனா அவிய?"

"தோணியில் வந்திருப்பார்கள் அண்ணாச்சி."

"தோணியா! நாங்க அக்கரைக்காரனா?"

நர்சம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அத்தான் கேக்குதது ஞாயந்தானே தாயி. எடம் குடுத்தது அவிய, கல்லு குடுத்தது நாங்க. இப்ப நீ வந்து ரெண்டு பேருமே பொறவு வந்தவங்கன்னா எப்படி? தப்பாத் தோண்டிட்டு, தப்பை எங்க தலையில கட்டுதியா?"

"அதச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

இரண்டு தெருவும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கியது. டவுன்காரிக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். அந்த வளையம் மாடு கட்டியது என்றார்கள். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை எதிர்த்தெருக்காரர் முடித்தார். நான் அசையாமல் நின்றேன். ஆனால் காது சிவந்துவிட்டது. உதவிக்கு ஐயரைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் வெள்ளை அங்கிக்குள் ஒளித்துக்கொண்டு, அத்தானையும் அத்தை மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தப்புன்னா மேல மனுக் குடுக்கலாமே. என்ன ஒண்ணு, தெருவுக்கு ஒரு மனுன்னு தனித்தனியாப் போனா எடுபடாது. சேந்து குடுத்தாத்தான் ஆபீசுல மதிப்பாவ."

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதச் சிரிப்பாக இருக்கிறது. அன்று மாலை அவரே வந்தார். "கோவிச்சுக்கிடாதீங்கம்மா. வாசல் மேக்கதான். நீங்க அளந்தா மாறுமா? ஆனா இத்தனை வருசத்துல அந்தம்மா 'அத்தான் கேக்குதது ஞாயம்'னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்குதேன். அதை விட்டா எனக்கு வேற நாள் கெடைக்காது" என்றார். பனங்கிழங்குக் கட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். நான் இயக்குநரிடம் சொன்னேன். அவர் சிரித்து, கிழங்கில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

எங்கள் மேல் புகார் சொல்ல அவர்கள் ஒரே வேனில் போனார்கள். ஐயரும் கூடவே போனார், சபை குருவாக. வேனில் நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போகும்போது வலது பக்கம் வடக்குத்தெரு, இடது பக்கம் தெற்குத்தெரு. வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி வடை வாங்கினார்கள். அண்ணாச்சி பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டு வந்திருந்தார். நர்சம்மா தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, விழுங்கும் வரை எதிரில் நின்று, அரசு மருத்துவமனையில் நோயாளிகளை ஏசுவது போலவே ஏசினாராம். எங்கள் துறை அலுவலகத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு பார்ப்போம் என்றார்கள். "திரும்பி வரும்போது ஆளாளுக்கு எடம் மாறி உக்காந்திருந்தாவ. ஒங்களைத் திட்டுததுக்கு வசதியா" என்றார் ஐயர்.

பண்டிகை வந்தது. அடுப்பை எங்கே வெட்டுவது? வாக்குப்படி வாசலுக்கு நேராக. வாசல் எது என்பதே வழக்கில் இருக்கிறது. "தீர்ப்பு வாற வரைக்கும் பொதுவா ஒரு எடத்துல வெட்டுவோம், தற்காலிகமா" என்றார் ஐயர். மேற்கு மட்டும் கூடாது என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் சொன்னது. அது அந்த சர்வேயர் பிள்ளை சொன்ன பக்கம். மிஞ்சியது கிழக்கு. பீடத்துக்குப் பின்னால், ஒடை என்னும் முள்மரத்தின் நிழலில், ஒரே பள்ளம் நீளமாக வெட்டப்பட்டது.

எங்களையும் அழைத்திருந்தார்கள். போகலாமா என்று எனக்கு யோசனை. போனேன். எனக்காக ஐயரம்மா தனிப் பானையில் சாம்பார் வைத்து, கறிக்கரண்டி பட்டுவிடாமல் மூடிக் காவல் காத்துக்கொண்டிருந்தார். பந்தியில் பரிமாறி வந்த நர்சம்மா என் இலைக்கு முன்னால் நின்றார். சோற்றை அள்ளி வைத்தார். "நல்லாச் சாப்பிடு தாயி. ஒம்மேல கோவம் இல்ல. ஒன் அளவு மேலதான்" என்றார். பின்னால் வந்த அண்ணாச்சி, "அவளுக்கு அப்பளம் வையி ஏட்டி, பாவம், வெறுஞ்சாம்பாரு" என்றார்.

ஐயர் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரே இலை. நிதானமாகச் சாப்பிட்டார். மறுசோறு வாங்கிக்கொண்டார். கரண்டி மூன்றாம் முறை வந்தபோது இலையின் மேல் கையை விரித்து, போதும் என்றார். அந்த ஊரில் அசன நாளில் அவர் அந்தச் சொல்லை உண்மையாகச் சொன்னது அதுவே முதல்முறையாக இருக்கும்.

வேலை முடிந்ததும் வழக்கப்படி சுவர்களைத் துணியால் மூடி, மணலை நிரப்பி வந்துவிட்டோம். வெளியே விட்டால் அடுத்த வெள்ளம் கொண்டுபோய்விடும். மேற்கு வாசல் மறுபடியும் மணலுக்குள் இருக்கிறது. ஐயருக்கு மாற்றல் வந்து, இப்போது கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இருக்கிறார். நான் வேறு குழிகளுக்குப் போய்விட்டேன். பாதி நேரம் அலுவலக மேசையில்தான் வேலை. ஆனால் அந்த ஊரின் மனு நிற்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வேனில் வந்து, ஒன்றாகக் கையெழுத்திட்டு, எங்கள் தவறை நினைவூட்டிவிட்டுப் போவார்கள்.

சென்ற மாதம் அது பலித்துவிட்டது. மேற்குக் கோடியை மறுபடியும் திறந்து பார்க்கலாம் என்று உத்தரவு என் மேசைக்கு வந்தது. யார் சொன்னார்களோ, மறுநாளே ஐயர் போனில் கூப்பிட்டார். வழக்கமான கேலி இல்லை.

"திரும்பத் தோண்டினா என்னம்மா வரும்?"

"மேற்கு வாசல்தான் வரும் ஐயா."

"அதான். வழக்கு முடிஞ்சிட்டுன்னா, தற்காலிகம்னு சொன்னேன்லா, அடுப்பு... மறுபடியும் ஆரம்பிச்சிருவாங்களோன்னு இருக்கு."

எனக்கும் அதே கவலை. ஆனால் உத்தரவு உத்தரவுதான். தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டு ஊருக்குப் போன் செய்தேன். அண்ணாச்சி எடுத்தார். ஆற்றில் தண்ணீர் நிலை, ஆட்கள், பந்தல் எல்லாம் பேசினோம். கடைசியாக, அள்ளும் மணலை எங்கே குவிப்பது என்று கேட்டேன். மேற்கே ஆறு; வடக்கிலும் தெற்கிலும் இப்போது வாழை வைத்திருக்கிறார்கள்; ஆகவே கிழக்கே ஒடை மரத்தடியில் குவிக்கலாமா என்றேன்.

"அங்கனயா? அங்கன எப்படிம்மா? அசன அடுப்பு இருக்குல்லா."

"அது தற்காலிகம்தானே அண்ணாச்சி? இந்த ஒரு வருடம் வேறு பக்கம்..."

"யாரு சொன்னா தற்காலிகம்னு?" குரல் உயர்ந்தது. போனைக் கையில் பொத்திக்கொண்டு யாரிடமோ கேட்டார். நர்சம்மாவின் குரல் தெளிவாக வந்தது: "அடுப்பா? அது என்னைக்கும் கிழக்கதான அத்தான் இருக்கு! அந்தப் பிள்ளைக்கு வாசலும் தெரியல, அடுப்பும் தெரியல."

நான் அப்படியே ஐயருக்குப் போன் செய்து, இருவரும் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். மறுமுனையில் மூச்சை நீளமாக விடும் சத்தம் கேட்டது.

"ஆமாமா," என்றார் ஐயர், "நான் அந்த ஊருக்கு வந்த நாள்லயே அங்கனதான் இருந்திச்சு."